எங்கள் கிணற்றுச் சுவரில் இருக்கும் கடல்

வலிகாமம் வடக்கில் எங்கள் காணி 2017 இல் விடுவிக்கப்பட்டது. 1990 இல் கையில் எடுத்த இரண்டு பைகளோடு வெளிக்கிட்டவர்கள் நாங்கள். இருபத்தேழு வருடம் கழித்துப் போய்ப் பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரத்தின் ஒரு மூலைதான் மிச்சம். கிணறு மட்டும் இருந்தது. அதுவும் பாதி தூர்ந்து, ஆலங்கன்று ஒன்று சுவரைப் பிளந்து வளர்ந்திருந்தது.

கண்ணிவெடி அகற்றுபவர்கள் பார்த்து முடித்த பிறகு, கிணறு இறைத்துத் துப்புரவாக்க ஒரு தம்பியைக் கூப்பிட்டேன். கட்டுக்குக் கீழே, வெறும் பாறை தொடங்குகிற இடத்தில் நின்றுகொண்டு அவர் கத்தினார்.

"சேர், இஞ்ச பாருங்கோ. கல்லுக்குள்ள சங்கு சுத்தின மாதிரிக் கிடக்கு."

அவர் மேலே அனுப்பிய கல் ஒரு தேங்காய்ப் பாதியளவு இருந்தது. வெள்ளையும் மஞ்சளும் கலந்த நிறம். அதில் விரல் நீளத்துக்குச் சுருள் வடிவில் ஒரு குழி. சங்கு அங்கே இல்லை. சங்கு இருந்த இடம்தான் இருந்தது. பக்கத்தில் ஒரு மட்டியின் வரிகள், அச்சுக் குத்தியது போல.

நான் பல வருடம் புவியியல் படிப்பித்தவன். "யாழ்ப்பாணக் குடாநாடு மயோசின் காலச் சுண்ணாம்புக்கல்லால் ஆனது" என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பரீட்சைக்கு இரண்டு புள்ளி பெற்றுத் தரும் வசனம் அது. அந்த வசனத்தை என் கையால் தொட்டுப் பார்த்தது அன்றைக்குத்தான். எங்களில் அநேகமானோர் கிணற்றுக்குள் இதைப் பார்த்திருப்போம், என்னவென்று கேட்டிருக்க மாட்டோம். அந்தக் குழி என்ன, அது எப்படி வந்தது, எங்கள் தண்ணீருக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கல் பிறந்த கடல்

இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் மிகப் பழைய, உருகியும் அழுந்தியும் உருமாறிய கடினப் பாறைகளால் ஆனது. அவற்றில் சங்கும் சிப்பியும் தேடிப் பயனில்லை. புத்தளத்திலிருந்து மன்னார், பூநகரி வழியாக யாழ்ப்பாணம் வரை, கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் வரை போகும் வடமேற்குக் கரையோரப் பட்டை வேறு மாதிரியானது. அங்கே மண்ணுக்குக் கீழே இருப்பது கடலடியில் படிந்து உருவான சுண்ணாம்புக்கல். குடாநாட்டில் இதன் தடிப்பு நூறு அடிக்கும் அதிகம்.

மயோசின் காலம் என்பது இன்றைக்கு 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. அதன் முற்பகுதியில் இந்தப் பட்டை முழுவதும் ஆழமில்லாத, வெதுவெதுப்பான, தெளிந்த கடலாக இருந்தது. சங்கு, சோகி, மட்டி, சிப்பி, கடல் முள்ளி, முருகை எல்லாம் அதில் வாழ்ந்தன. அவை இறந்தபோது அவற்றின் ஓடுகள் அடியில் விழுந்தன. அலை அவற்றை நொறுக்கியது. நொறுங்கிய தூளும் முழு ஓடுகளும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின் கூடுகளும் சேர்ந்து சுண்ணாம்புச் சேறாகப் படிந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக இலட்சக்கணக்கான ஆண்டுகள் படிந்து இறுகியதே எங்கள் கல்.

இதை முருகைக்கல்லோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நெடுந்தீவில் வேலியாக அடுக்கியிருப்பது முருகைக்கல். அது பவளப் பூச்சிகள் கட்டியது, வயதிலும் மிக இளையது. கிணறு வெட்டும்போது அலவாங்குக்கு மசியாமல் நிற்கிறதே, அந்த இறுகிய கல்தான் மயோசின் சுண்ணாம்புக்கல். செம்பாட்டு மண்ணில் இரண்டு மூன்று அடி தோண்டினால் அது தட்டுப்படும் இடங்கள் வலிகாமத்தில் நிறைய உண்டு. அந்த நாட்களில் பங்கர் வெட்டியவர்களுக்கு இது நன்றாக நினைவிருக்கும். இன்னும் ஓர் அடி ஆழம் போனால் உயிர் தப்பலாம் என்ற நேரத்தில் கல் மறித்துக்கொண்டு நிற்கும். நாங்கள் உடைத்து வெளியே எறிந்த அந்தச் சல்லிகளிலும் இந்தச் சங்குகளின் தடங்கள் இருந்திருக்கும். அப்போது கல்லைத் திருப்பிப் பார்க்கும் நிலையில் யாரும் இருக்கவில்லை.

சங்கு எங்கே போனது?

கல்லில் ஏன் சங்கு இல்லாமல் அதன் குழி மட்டும் இருக்கிறது? காரணம் ஓட்டின் இரசாயனத்தில் இருக்கிறது.

சிப்பி, சங்கு எல்லாமே கல்சியம் காபனேற்றால் ஓடு கட்டுகின்றன. ஆனால் அதே பொருளை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒன்று அரகனைற்று, மற்றது கல்சைற்று. சங்கு, சோகி போன்றவற்றின் ஓடு பெரும்பாலும் அரகனைற்று. பாறைகளில் ஒட்டி வளரும் ஊரிச் சிப்பி, விசிறி போல விரியும் சிப்பி ஆகியவற்றின் ஓட்டில் கல்சைற்று அதிகம். அரகனைற்று தண்ணீரில் இலகுவாகக் கரையும். கல்சைற்று நின்று பிடிக்கும்.

சேறு இறுகிக் கல்லாகிய பின், கடல் பின்வாங்கி மழைத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் இறங்கியது. அரகனைற்று ஓடுகள் மெல்லக் கரைந்து போயின. சுற்றியிருந்த கல் அதற்குள் கெட்டியாகிவிட்டதால் ஓட்டின் வடிவம் வெற்றிடமாக நின்றது. எனக்குக் கிடைத்த சுருள் குழி அப்படி வந்ததுதான்.

சின்ன வயதில் சிரட்டைக்குள் ஈர மண்ணை அமத்திக் கவிழ்த்து புட்டு அவித்து விளையாடியிருப்போம். சிரட்டையை எடுத்தாலும் அதன் உள் வடிவம் மண்ணில் நிற்கும். சங்குக்குள்ளும் இதேதான் நடந்தது. உள்ளே புகுந்த சேறு இறுகியது, ஓடு கரைந்தது, உள் வடிவம் மட்டும் கல்லாக மிஞ்சியது. ஆகவே ஒரே சங்குக்கு இரண்டு தடங்கள் கிடைக்கலாம். வெளிப்புறத்தின் அச்சு ஒன்று. அதில் ஓட்டின் மேலிருந்த வரிகளும் முடிச்சுகளும் தெரியும். உட்புறத்தின் அச்சு மற்றது. அது வழுவழுப்பாக, திருகாணி போல இருக்கும். இரண்டும் அடையாளம் காண உதவும். ஆனால் எந்த இனம் என்று சொல்வதற்கு வெளி அச்சுத்தான் முக்கியம். நிபுணர்கள் அந்தக் குழிக்குள் இறப்பரோ சிலிக்கனோ ஊற்றி எடுத்து, மறைந்துபோன ஓட்டின் வடிவத்தைத் திரும்பப் பெறுகிறார்கள்.

ஊரிச் சிப்பியும் விசிறிச் சிப்பியும் அப்படியில்லை. அவற்றின் ஓடே கல்லுக்குள் இருக்கும். உடைத்த கல்லில் சாம்பல் நிறத்தில் தகடு தகடாகப் பளபளக்கும் துண்டு கண்டால் அது பெரும்பாலும் சிப்பி.

வயதை எப்படிச் சொன்னார்கள்?

இந்தப் பாறையின் உயிர்ச்சுவடுகளை வேலண்ட், டேவிஸ் என்ற இரு புவிச்சரிதவியலாளர்கள் ஆராய்ந்து 1923 இல் இலங்கையின் மயோசின் பாறைகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். சிப்பிகளும் சங்குகளும் அதில் முக்கிய சாட்சிகள். ஆனால் வயதைச் சொல்ல உதவிய இன்னொரு உயிர் உண்டு. அதன் பெயர் தபெரினா மலபாரிக்கா. சில மில்லிமீற்றர் அகலமே உள்ள, வட்டுப் போன்ற கூடு கட்டிய ஒரு கல உயிர். பெயரில் மலபார் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கேரளத்தின் கொல்லம் பகுதிச் சுண்ணாம்புக்கல்லிலும் இதே உயிர் உண்டு. இரண்டு இடத்துக் கல்லும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே மாதிரியான கடலில் படிந்தவை என்று அதை வைத்துச் சொல்கிறார்கள். அது முன் மயோசின் காலம், இன்றைக்குச் சுமார் 1 கோடியே 60 இலட்சம் முதல் 2 கோடி ஆண்டுகளுக்கு முன். இதன் உறவுகள் இன்றும் கடற்சாதாளைகள் வளரும் ஆழமற்ற வெப்பக் கடல்களில் வாழ்கின்றன. அதனால்தான் அந்தப் பழைய கடலின் ஆழத்தையும் சூட்டையும் ஊகிக்க முடிகிறது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிணற்றில் சங்குத் தடம் கண்டதாகச் சொன்னவுடன் "அப்ப கடல்கோள் உண்மைதானே" என்று கேட்டவர்கள் பலர். இது அந்தக் கடல்கோள் இல்லை. இந்தச் சங்குகள் வாழ்ந்தபோது உலகத்தில் மனிதரே கிடையாது. எங்கள் இனத்து மனிதர் தோன்றி ஏறக்குறைய 3 இலட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. எங்களின் தொன்மைக்குச் சான்று தேட வேறு இடங்கள் உண்டு. இந்தக் கல் சொல்வது அதைவிடப் பல மடங்கு பழைய கதை.

குழியும் குடிதண்ணீரும்

இனி எங்கள் வாழ்வோடு இது சேரும் இடம். குடாநாட்டில் ஆறு இல்லை. மழைக்கு ஓடும் வழுக்கையாறு மட்டும்தான். குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் கிணற்றுத் தண்ணீர்தான். அந்தத் தண்ணீர் தங்கியிருப்பது இந்தக் கல்லுக்குள்.

கல்லுக்குள் தண்ணீர் தங்க இடம் வேண்டும். கரைந்துபோன ஓடுகள் விட்டுச்சென்ற சிறு குழிகள் அதில் ஒரு பங்கு. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளை அரித்து அகலமாக்குகிறது. வெடிப்பு வாய்க்காலாகிறது, வாய்க்கால் குகையாகிறது. புத்தூர் நிலாவரைக் கிணறு அப்படிக் கரைந்து கூரை இடிந்த ஒரு பள்ளம். கீரிமலையில் கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறுவதும் இதே நிலக்கீழ் வழிகளால்தான்.

அடுப்படியில் உள்ள கேத்திலைத் திறந்து பாருங்கள். அடியில் வெள்ளைப் படை பிடித்திருக்கும். கல்லில் இருந்து கரைந்து தண்ணீரோடு வந்த சுண்ணாம்பு, கொதிக்கும்போது திரும்பப் படிகிறது. அந்தச் சுண்ணாம்பை முதலில் கடல் தண்ணீரில் இருந்து பிரித்தெடுத்தவை அந்தச் சங்குகளும் சிப்பிகளும்தான்.

குடாநாட்டின் மூன்று பக்கமும் கடல். பாறைக்குள்ளும் அடியில் உவர்த் தண்ணீர் நிற்கிறது. அதன் மேல், பாரம் குறைந்த நன்னீர் ஒரு வில்லை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது பொதுவான கணக்கு. வெடிப்புகள் உள்ள பாறையில் எல்லா இடத்திலும் இது அப்படியே பொருந்தாது. ஆனால் அடிப்படை மாறாது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உவர் பல அடி ஏறும். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதைக் கண்ணுக்குக் காட்டும்.

துளைகள் நிறைந்த கல் மழையை விரைவாக உள்ளே வாங்கும். அதே விரைவில் அழுக்கையும் வாங்கும். தோட்டப் பசளையின் நைத்திரேற்று, மலசலகூடக் குழியின் கசிவு, சில வருடங்களுக்கு முன் சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் கண்ட எண்ணெய் எல்லாம் பரவியது இந்த வழிகளால்தான்.

சிமெந்தாகிப் போன கடல்

காங்கேசன்துறைச் சிமெந்துத் தொழிற்சாலை 1950 இல் தொடங்கியது. பக்கத்தில் அகழ்ந்த சுண்ணாம்புக்கல்லும் முருங்கனில் இருந்து வந்த களிமண்ணும்தான் அதன் மூலப்பொருள். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அதன் நிறையில் 44 சதவீதம் காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும். அதனால் ஒரு தொன் கிளிங்கர் எடுக்க ஏறத்தாழ ஒன்றரைத் தொன் கல் வேண்டும். அந்தத் தொழிற்சாலை எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. என் உறவினர்கள் சிலரும் அங்கே வேலை செய்தவர்கள். அதை நான் மறுக்கவில்லை.

1990 இல் போர் அதை நிறுத்தியது. ஊர் உயர்பாதுகாப்பு வலயமானது. பிறகு நடந்ததை இடம்பெயர்ந்த எவரும் மறந்திருக்க மாட்டோம். சிமெந்து பொருளாதாரத் தடைப் பட்டியலில் ஏறியது. சிமெந்தாகக்கூடிய கல்லின் மேல் குடியிருந்துகொண்டு, கிணற்றுக் கட்டு வெடித்தால் பூசுவதற்கு ஒரு பை சிமெந்துக்கு அலைந்தோம்.

இன்று தொழிற்சாலை இல்லை. பெரிய கிடங்குகள் இருக்கின்றன. கல் இருந்தபோது மண்ணும் பாறையும் வடிகட்டி அனுப்பிய மழை, இப்போது கிடங்கில் நேரே விழுகிறது. நிலக்கீழ் நீர் மட்டத்துக்குக் கீழே தோண்டிய இடத்தில் அந்த நீர் வெயிலுக்குத் திறந்து கிடக்கிறது. யாராவது கொட்டும் குப்பை நேரே பக்கத்து ஊர்க் கிணறுகளுக்கு வழி தேடும். கடலோரமாக இருந்தால் உவர் ஏறுவதற்கும் வழி இலகுவாகிறது. தோண்டிய கல்லைத் திருப்பி வைக்க முடியாது. மண் போட்டு நிரப்பினாலும் அந்தத் துளைகளும் வாய்க்கால்களும் திரும்பி வராது.

போருக்குப் பின்னும் சுண்ணாம்புக்கல்லுக்கான தேவை நிற்கவில்லை. பூநகரி பொன்னாவெளியில் சுண்ணாம்புக்கல் அகழும் திட்டத்தை எதிர்த்து மக்கள் நீண்ட நாட்கள் வீதியில் இருந்ததை அறிவோம். அவர்களின் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின்படி கனியம் அகழ அனுமதி வேண்டும். அதை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். அனுமதி பற்றிய பேச்சு எந்த ஊரில் வந்தாலும் ஊரவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. எத்தனை அடி தோண்டப் போகிறீர்கள்? கோடையிலும் மாரியிலும் அங்கே தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது? சுற்றியுள்ள கிணறுகளின் உவர்த்தன்மையைத் தோண்டுவதற்கு முன் அளந்தீர்களா, தோண்டும்போதும் அளப்பீர்களா? முடிந்த பின் கிடங்கை என்ன செய்வீர்கள்? இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாத திட்டத்தை நம்பிக் கல்லைக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து.

நாங்கள் செய்யக்கூடியது

மீள்குடியேறிய ஊர்களில் இப்போது கிணறு துப்புரவாக்குகிறார்கள், புதுக் கிணறு வெட்டுகிறார்கள், மலசலகூடக் குழி தோண்டுகிறார்கள். ஒவ்வொன்றிலும் கல் வெளியே வருகிறது. அதை வீதிக்குக் கொட்டுமுன் ஒருதரம் திருப்பிப் பார்க்கலாம். தடம் கண்டால் பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையோ ஐந்து ரூபாய்க் குற்றியையோ வைத்துப் படம் எடுங்கள். எந்த ஊர், எத்தனை அடி ஆழம், என்ன திகதி என்று எழுதி வையுங்கள். எங்கிருந்து வந்தது என்று தெரியாத உயிர்ச்சுவடு அரைவாசி பயன் இழந்தது. பாடசாலை விஞ்ஞான கூடத்துக்கு ஒரு கல்லைக் கொடுத்தால் பிள்ளைகள் பாடப் புத்தகத்து வசனத்தைக் கையில் தொட்டுப் பார்ப்பார்கள்.

ஆனால் கைவிடப்பட்ட கிடங்குகளுக்குள்ளும், துப்புரவாக்கப்பட்டதாக அறிவிக்கப்படாத காணிகளுக்குள்ளும் இதற்காகப் போகவே வேண்டாம். பிள்ளைகளை அனுப்பவும் வேண்டாம். வெடிக்காத பொருட்கள் இன்னும் எடுபடுகின்றன. உங்கள் வளவில் இருக்கும் கல்லே போதும்.

எங்கள் கிணற்றுக்குப் புதுக் கட்டுக் கட்ட வந்த மேசன், கீழே பாறை வரைக்கும் சேர்த்துப் பூசிவிடட்டுமோ என்று கேட்டார். பாறையைப் பூச வேண்டாம், ஊற்று அதற்குள்ளால்தான் வருகிறது என்று சொன்னேன். அவர் கட்டை மட்டும் பூசினார். அந்தச் சுருள் குழி உள்ள கல்லைத் துலாக்கால் நின்ற பக்கம் கட்டின் மேல் பதிக்கச் சொன்னேன். தண்ணீர் அள்ள வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் விரலை விட்டுச் சுற்றிப் பார்க்கிறார்கள். இது என்ன என்று கேட்கிறவர்களுக்கு இங்கே எழுதியதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.